மைக்ரோபிட்: ரோபோட்டிக்ஸ் மன்றத்துக்கு ஏற்றது, மின்சாரத்தைக் கவனித்தால்

இணைப்பாட நடவடிக்கையாக ரோபோட்டிக்ஸ் மன்றம் தொடங்கும் பள்ளி முதலில் வாங்க வேண்டியது மைக்ரோபிட் என்ற சிறிய நிரலாக்கப் போர்டின் இரண்டாம் பதிப்பு. 2020இல் வந்த இந்தப் போர்டில் 25 எல்இடி, இரண்டு பொத்தான், முடுக்கமானி, திசைகாட்டி, மைக், ஸ்பீக்கர், ரேடியோ எல்லாம் உண்டு. முதல் சில வகுப்புகளுக்கு ஒரு வயர்கூட வேண்டாம். 2017இல் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் (ஐஎம்டிஏ) தொடங்கிய டிஜிட்டல் மேக்கர் திட்டம் வழியாகச் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு இது பழகிய பொருளும்கூட.

சிக்கல் மோட்டார் வைக்கும் நாளில்தான் வரும். மாணவர் எஸ்ஜி90 சர்வோ என்ற சின்ன மோட்டாரை நேராகப் போர்டின் விளிம்பிலுள்ள 3வி (3 வோல்ட்) வளையத்தில் மாட்டுவார். சர்வோவின் கை ஒரு முறை அசையும், போர்டு அணைந்து மறுபடி தொடங்கும். உடனே நிரலில் பிழை தேடத் தொடங்கிவிடுவார்கள். நிரல் சரியாகத்தான் இருக்கும். அந்த வளையம் வெளியே தரக்கூடியது அதிகபட்சம் 190 மில்லிஆம்பியர். சர்வோ கிளம்பும்போதும் சிக்கி நிற்கும்போதும் அதைப் போல மூன்று மடங்குவரை இழுக்கும். மின்னழுத்தம் சரிந்து போர்டு ரீசெட் ஆகிறது.

இதைச் சரிசெய்ய நான்கு ஏஏ பேட்டரி வைக்கும் பெட்டி ஒன்று போதும். சர்வோவின் சிவப்பு வயர் பெட்டியின் பாசிட்டிவுக்கு, பழுப்பு வயர் நெகட்டிவுக்கு, ஆரஞ்சு வயர் போர்டின் 0 வளையத்துக்கு. பெட்டியின் நெகட்டிவிலிருந்து போர்டின் கிரவுண்டுக்கு (GND வளையம்) இன்னொரு வயர் கட்டாயம். அதை விட்டால் சர்வோ நடுங்கும், இல்லையென்றால் அசையவே அசையாது. பெட்டியின் பாசிட்டிவ் மட்டும் போர்டைத் தொடவே கூடாது. 6 வோல்ட் அதைக் கெடுத்துவிடும்.

தூரம் அளக்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 (HC-SR04) சென்சாரிலும் இதே எச்சரிக்கை. அதன் எக்கோ பின் (pin, இணைப்பு முனை) 5 வோல்ட் அனுப்பும், மைக்ரோபிட் 3.3 வோல்ட்டுக்கானது. இடையில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் மின்னழுத்தத்தைப் பிரிக்க வேண்டும். சிம் லிம் டவரில் இந்தச் சில்லறைப் பாகங்கள் கிடைக்கும். புதிதாக வாங்குவதென்றால் 3.3 வோல்ட்டில் இயங்கும் வகையையே கேளுங்கள்.

போர்டின் இணைப்பு முனைகளில் 3, 4, 6, 7, 10 ஆகியவை எல்இடி திரையோடு பகிரப்பட்டவை. அவற்றில் எதை மாட்டினாலும் நிரலில் திரையை அணைத்துவிட வேண்டும், இல்லையேல் மோட்டார் தானாகத் துடிக்கும். ரேடியோ பயன்படுத்தும் நாளில் அணிக்கு ஒரு குழு எண் ஒதுக்குங்கள். எல்லோரும் 1 என்று வைத்தால் ஒருவர் பொத்தானை அமுக்க, அடுத்த மேசை வண்டி ஓடும்.

நிரல் எழுத உதவும் மேக்கோட் தளம் குரோம்புக்கில் யுஎஸ்பி வழியாக நொடிகளில் நிரலை ஏற்றும். ஐபேட் என்றால் புளூடூத் இணைப்பு. ஏ, பி பொத்தான்களைச் சேர்த்துப் பிடித்தபடி ரீசெட் அமுக்கி ஒவ்வொரு போர்டையும் தனித்தனியே சேர்க்க வேண்டும். வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் செய்தால் பொறுமை போய்விடும். ஆகவே ஐபேட் மட்டும் உள்ள பள்ளி, போர்டுகளுக்கு எண் ஒட்டி, எந்த ஐபேடுக்கு எது என்று முதல் வகுப்பிலேயே முடிவுசெய்துகொள்வது நல்லது. யுஎஸ்பி கேபிள் வாங்கும்போது தரவும் கடத்துவதா என்று பார்க்கவும். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளில் விளக்கு எரியும், கணினியில் போர்டு தெரியாது.

கேமரா வைத்துப் பொருளை அடையாளம் காணும் ரோபோ செய்ய நினைக்கும் மேல்வகுப்பு அணிக்கு மைக்ரோபிட் மட்டும் போதாது. 128 கிலோபைட் ரேமில் அந்த வேலை நடக்காது.