நான்கு இட்லியும் நூறு பாதாமும்

மும்பை மாதுங்காவில் எங்கள் வீட்டில் ஆறு மாதமாக ஒரு வழக்கு நடக்கிறது: எடையைக் குறைக்க எதை எண்ணுவது? அத்தான் கலோரிக் கட்சி. நான் மாவுச்சத்தையும் புரதத்தையும் எண்ணும் கிராம் கட்சி. இருவரும் சோற்றைக் குறைத்தவர்கள்தான், அளவுகோல்தான் வேறு.

அத்தானின் கணக்கு எளிது. நாளைக்கு 1,600 கலோரி. அதற்குள் அடங்கினால் எதையும் சாப்பிடுவார். நான்கு இட்லி ஏறக்குறைய 250 கலோரி. மூன்று முட்டை ஆம்லெட்டும் அவ்வளவுதான். அவர் நோட்டில் இரண்டும் ஒன்று. ஆனால் இட்லியில் மாவுச்சத்து 50 கிராமை நெருங்கிவிடும், புரதம் எட்டு கிராம்தான் தேறும். ஆம்லெட்டில் மாவுச்சத்து இரண்டு கிராம்கூட இருக்காது, புரதம் 18. நாள் முழுவதற்கும் 40 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொண்டவருக்குக் காலைப் பலகாரத்தோடேயே கணக்குத் தீர்ந்துபோகிறது. கலோரி எண் அதை வாய்திறந்து சொல்லாது. பருப்பும் அப்படித்தான்: புரதம் என்று நம்பி வளர்ந்தோம், துவரம்பருப்பில் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் மாவுச்சத்து.

என் கட்சியின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ உணவுமுறை அன்பர்களின் புகழ்பெற்ற நூறு பாதாமைத் தினமும் தின்றேன். நார்ச்சத்தைக் கழித்தால் மாவுச்சத்து பத்துப் பன்னிரண்டு கிராம்தானே என்று பெருமை வேறு. அது சுமார் 700 கலோரி! முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கியது. உடல் மாவுச்சத்திலிருந்து சேமித்திருந்த கிளைக்கோஜனும் அது பிடித்துவைத்திருந்த நீரும் போன எடை அது. பிறகு இரண்டு மாதம் முள் அசையவில்லை. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. கொழுப்பில் கை சற்று நீண்டால் இரண்டு மடங்குக்கு மேல் விலை.

ஒருநாள் எண்ணெய்ப் பாட்டிலைத் தாளிப்பதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்தேன். முட்டைகோஸ் பொரியலுக்கு 31 கிராம் போயிருந்தது; 280 கலோரி. கால் கிலோ முட்டைகோஸில் அதில் கால் பங்குகூடக் கிடையாது. "நிறுத்துத்தான் தாளிக்க வேண்டும் என்றால் நீயே வந்து கிளறு" என்றாள் அக்கா.

2018-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பையும் மறுபாதிக்கு மாவுச்சத்தையும் குறைத்து ஓராண்டு பார்த்தார்கள். கலோரி வரம்பு யாருக்கும் இல்லை. எடைக்குறைவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. வெற்றி தனக்கே என்று இருவரும் அறிவித்துக்கொண்டோம்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் ஓட்டு கிராமுக்கே. மாவுச்சத்து, புரதம் என இரண்டு கட்டம் போதும். எடை நின்றுபோனால் பத்து நாள் கலோரியை எண்ணிப் பார்க்கலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் பேசாமல் சோற்றில் கைவைக்கக் கூடாது, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். எண்ணெய்க்கு மட்டும், பாட்டிலில் ஒரு வாரத்துக்கான கோடு போட்டுவைத்திருக்கிறோம். அதற்கு அக்காவும் சம்மதித்துவிட்டாள்.