பேக்கப் டூல்: மூன்று வருடம் பைனரி, இப்போது ஆப்ட்

"டூலை ஆப்ட்ல போடவா, அவங்க சைட்ல இருந்து பைனரியை இறக்கவா?" என்று ஒரு பேக்கப் டூலைப் பற்றி நண்பர் கேட்டார். ஆப்ட் என்பது டெபியன் லினக்ஸ் தன் பேக்கேஜ்களை நிறுவும் வழி; பைனரி என்பது டூலை எழுதியவர்களே கம்பைல் செய்து, ஓடத் தயாராகத் தரும் ஃபைல். சைட்டில் இருந்தே எடுங்கள் என்றுதான் மூன்று வருடமாக எல்லோருக்கும் சொல்லிவந்தேன். ஒரே ஃபைல், போட்டதும் ஓடும், வேண்டாமென்றால் அழித்துவிடலாம். டெபியன் 11இல் வரும் பதிப்பைவிட வேகம், வசதியும் அதிகம்.

பிறகு ஒரு அப்டேட் வந்தது. டூலை ஓட்டினால் ஜிலிப்ஸி (லினக்ஸ் புரோகிராம்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி) 2.34 இல்லை என்று ஒரே வரி. டெபியன் 11இல் இருப்பது 2.31. டூலைக் கம்பைல் செய்யும் பில்ட் மெஷினை மாற்றியிருக்கிறார்கள், ரிலீஸ் நோட்டில் ஒரு வார்த்தை இல்லை. தோல்வி அலர்ட்டை அனுப்புவதும் அதே டூல்தான். அது கிளம்பவே இல்லை என்பதால் அலர்ட்டும் வரவில்லை. நான்கு இரவு பேக்கப் இல்லை. அதற்குள் டிஸ்க் போயிருந்தால்? நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பழைய ஜிலிப்ஸியில் கம்பைல் செய்தது புதியதில் ஓடும். புதியதில் செய்ததைப் பழையதில் ஓட்டுவதுதான் சிக்கல். அதிலும் 2.34 தனி ரகம். த்ரெட் வேலைகளுக்கான லிப்பித்ரெட்டை ஜிலிப்ஸியின் மைய ஃபைலான லிப்சிக்குள்ளேயே சேர்த்த அந்தப் பதிப்பில், புரோகிராமைத் தொடங்கிவைக்கும் சிம்பலுக்கே (லைப்ரரியில் உள்ள ஃபங்ஷனின் பெயர்) புது பதிப்பு எண் விழுந்தது. அதனால் அதிலோ அதற்குப் பிந்தையதிலோ கம்பைல் செய்தால், 'வணக்கம்' என்று மட்டும் அச்சிடும் நாலு வரி சி புரோகிராம்கூட 2.34 வேண்டும் என்று நிற்கும். ஜிலிப்ஸியை மட்டும் கையால் ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். சிஸ்டமே படுத்துவிடும்.

பைத்தான்காரர்கள் வீல் ஃபைலின் (அவர்களுடைய ரெடிமேட் பேக்கேஜ்) பெயரிலேயே 'மெனிலினக்ஸ் 2_28' என்று எழுதிவிடுகிறார்கள். குறைந்தது ஜிலிப்ஸி 2.28 வேண்டும் என்று அர்த்தம். பொருந்தாததை, அவற்றை நிறுவும் பிப்பே ஒதுக்கிவிடும். அந்த ஒரு எண்ணை டவுன்லோட் பக்கத்தில் போட இந்த பேக்கப் டூல்காரர்களுக்கு என்ன கஷ்டம்?

புகார் அனுப்பியதும் மரியாதையாகப் பதில் சொன்னார்கள், பழைய சிஸ்டத்தில் பில்ட் செய்து இரண்டே நாளில் கொடுத்தார்கள். அதை மறைக்கக் கூடாது.

இப்போது டெபியன் 12, ஜிலிப்ஸி 2.36, அதன் ஆப்ட் பேக்கேஜையே வைத்திருக்கிறேன். பதிப்பு பழசுதான், ரீஸ்டோர் மெதுவாகத்தான் போகிறது. ஆனால் இந்த சிஸ்டத்துக்காகவே பில்ட் ஆனது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டையை அடைத்தால், சிஸ்டத்தின் பிரதியை லிங்க் செய்த எல்லாவற்றுக்கும் ஒரே அப்கிரேடில் சேர்ந்துவிடுகிறது.

டூலாக மட்டும் பார்த்தால் இன்றைக்கும் அந்த பைனரிதான் மேல். நண்பரிடம் ஆப்ட் என்றுதான் சொன்னேன்.