கணவாய்க் காற்றில் காய்ந்த ஃபெராரி

தாமியா நிறுவனத்தின் 1/24 அளவு ஃபெராரி எஃப் 40 பிளாஸ்டிக் மாதிரிக் கார் கிட்டை நான் செய்து முடித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முடித்த வாரத்தில் எழுதியிருந்தால் பளபளப்பைப் பற்றி மட்டும்தான் எழுதியிருப்பேன். எது தாங்கியது, எது தாங்கவில்லை என்பதை இப்போது வண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லலாம்.

எஃப் 40 வெளிவந்தது 1987 ஜூலையில், ஃபெராரியின் நாற்பதாம் ஆண்டுக்காக. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் என்ஸோ ஃபெராரி காலமானார். அவர் ஒப்புதலோடு வந்த கடைசி சாலைக் கார் இதுதான். அசல் வண்டியில் தரைவிரிப்பு கிடையாது, ரேடியோ கிடையாது. கதவை உள்ளிருந்து திறக்க ஒரு கயிறுதான் இருக்கும். எடை கூடக் கூடாது என்று வண்ணத்தையும் மெல்லியதாக அடித்தார்கள். கார்பன் இழையின் நெசவே சில இடங்களில் மேலே தெரியும். 4,358 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தக் கார் இந்த அளவில் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர். அசலிலேயே வண்ணம் அவ்வளவு மெல்லியது என்றால், மாதிரியில் தடித்த பூச்சு எவ்வளவு பொய்யாகத் தெரியும்! வேலை முழுவதும் இதுதான் என் மனத்தில் ஓடியது.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: நேரத்தை எல்லாம் மேல்கூட்டில் போடுங்கள். வார்ப்பு அச்சின் பாதிகள் சேர்ந்த கோடு எந்த கிட்டிலும் மட்கார்டு வளைவுகளில் மெலிதாக ஓடும். கண்ணுக்குத் தப்பினாலும் நகத்துக்குத் தப்பாது. 600, 1000 எண் வாட்டர் பேப்பரால் அதைத் தேய்த்தெடுத்தேன். கதவு, பானெட் இடுக்குகளை ஊசிமுனையால் இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்தினேன். இல்லாவிட்டால் பிரைமர் என்னும் அடிப்பூச்சும் வண்ணமும் சேர்ந்து அவற்றை மூடிவிடும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவி, ஓர் இரவு காயவைத்தேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காட்டுக் கணவாயின் வாயிலேயே இருக்கிறோம். ஜூலையில், எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைச் சாரலுக்கு நடுவே, பொறுமையில்லாமல் ஸ்பிரே டப்பாவால் சிவப்பை அடித்தேன். பத்து நிமிடத்தில் கூரை முழுவதும் பால் தெளித்ததுபோல் வெளுத்தது. டப்பாதான் மோசம் என்று நினைத்துக்கொண்டு, பொள்ளாச்சி சாலையில் கார்களுக்கு வண்ணம் அடிக்கும் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கூட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “டப்பாவில் கோளாறு ஒன்றும் இல்லை தம்பி. மேகம் இறங்கி நிற்கிற நாளில் அடித்தால் வெளுக்கத்தான் செய்யும். மார்கழி பிறக்கட்டும்” என்றார்.

டப்பாவில் இருக்கும் லேக்கர் வண்ணத்தின் கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அந்தக் குளிர்ச்சியில் படிந்து வண்ணத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. வெளுப்பு அதனால்தான். வெளுத்ததை 1500 எண் பேப்பரால் தேய்த்துவிட்டு, ஐந்து மாதம் கூட்டைப் பெட்டிக்குள் வைத்தேன். அந்த மாதங்களில் உள்வேலைகளைப் பார்த்தேன். கதவுக் கயிற்றுக்குத் தையல் நூலில் ஓர் இழையைப் பிரித்து, மெழுகு தடவி ஒட்டினேன். பழைய இயர்போனிலிருந்து உருவிய செம்புக் கம்பிகள் என்ஜினுக்கு ஒயர்களாயின. எஃப் 40இன் பின்கண்ணாடியில் காற்றுக்கான இடுக்குகள் உண்டு. மூடி சாத்தியிருந்தாலும் என்ஜின் தெரியும். ஆகவே அந்தக் கம்பிகளுக்குக் கொடுத்த நேரம் வீணாகவில்லை. டாஷ்போர்டுக்குக் கீழே நான் செய்த நுணுக்கங்களை யாரும் பார்க்கப்போவதில்லை. அடுத்த முறை அவற்றை விட்டுவிடுவேன்.

மார்கழியில் கிழக்கிலிருந்து வரும் காற்று வறண்டது. ஆனால் புழுதியோடு வரும். காற்று எழும் முன்பே, விடியலில், பின்கட்டு அறையின் தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கினேன். இது பட்டறையில் கற்றது. வெள்ளைப் பிரைமருக்கு மேல் தாமியாவின் டிஎஸ் 8 எண் இத்தாலியச் சிவப்பு. டப்பாவை வெதுவெதுப்பான நீரில் சற்று வைத்தெடுத்தால் தூறல் நுண்மையாக வருகிறது. முதல் பூச்சில் பிரைமர் தெரியத்தான் வேண்டும். அங்கேயே மூட நினைத்தால் வண்ணம் வழிந்துவிடும். மூன்று பூச்சு போட்டு, ஒரு வாரம் விட்டு டெக்கால்களை, அதாவது சின்னங்கள் அச்சிட்ட மெல்லிய படலங்களை, ஒட்டினேன். அவற்றின் மேல் கிளியர் என்னும் நிறமற்ற மெல்லிய பூச்சு. மேலும் இரண்டு வாரம் கழித்து 2000 எண் பேப்பரை நனைத்துத் தேய்த்துக் காம்பவுண்ட் என்னும் மெருகுப் பசை போட்டேன். மங்கிக் கிடந்த கூரையில் டியூப்லைட்டின் கோடு முதலில் கலங்கலாகத் தெரிந்தது. துணி பத்துப் பன்னிரண்டு முறை வட்டமிட்ட பிறகு, விளிம்பு உடையாமல் நேராக நின்றது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

நான்கு ஆண்டுகளில் சிவப்பு மங்கவில்லை. கிளியருக்கு அடியில் இருப்பதால் டெக்கால்களும் உரியவில்லை. பச்சை மூடி போட்ட மெல்லிய பசையால் ஒட்டிய ஓர் இணைப்பும் விடவில்லை. அது பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. செலவைக் கேட்பவர்களுக்கு: கிட்டுக்குக் கொடுத்ததைவிட வண்ணத்துக்கும் கருவிகளுக்கும் கொடுத்தது அதிகம்.

தாங்காதவை இரண்டு. முன்விளக்கு மூடி ஒன்றைச் சூப்பர் குளூவால் ஒட்டினேன். அதன் ஆவி படிந்து ஏற்பட்ட புகைமூட்டம் இன்றும் போகவில்லை. மற்றொன்றை ஃபெவிகாலால் ஒட்டினேன், தெளிவாக இருக்கிறது. பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடி தூசு துடைக்கும்போது ஒருமுறை உடைந்தது. இப்போது உள்ளே மெல்லிய கம்பி செருகி நிறுத்தியிருக்கிறேன். முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும்.

டயர்களைக் கவனியுங்கள். இவ்வகை மென்மையான டயர்களிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருள் காலப்போக்கில் பிளாஸ்டிக்கை அரிக்கக்கூடும். என் காட்சிப் பெட்டியின் தளத்தில் நான்கு கறுப்புத் தழும்புகள் விழுந்த பிறகே அது எனக்குத் தெரிந்தது. இப்போது சேஸிஸுக்கு அடியில் சிறு மரக்கட்டை கொடுத்து, டயர்கள் தளத்தில் படாதபடி நிறுத்தியிருக்கிறேன்.