சேலம் ஐந்து ரோடு மூட்டுவாத கிளினிக்: மருத்துவத்துக்கு நல்ல மதிப்பெண், மாடிப்படிக்குப் பூஜ்யம்

மூட்டு நோயாளிகளுக்கென்றே நடத்தும் கிளினிக்கை லிப்ட் இல்லாத இரண்டாவது மாடியில் வைத்திருக்கிறார்கள். முழங்கால் வீங்கியவர்கள் துணைக்கு ஆள் இல்லாமல் போக வேண்டாம். கைப்பிடிக் கம்பியும் இடப்பக்கம் மட்டும்தான். எனக்கு இடக்கைதான் மோசம்.

சிவதாபுரத்தில் வீட்டிலேயே கொலுசுக்கு வளையம் கோர்ப்பவள் நான். காலையில் விரல்கள் மடங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குறடு பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். முன்பு காட்டிய இடத்தில் "வயதாகிவிட்டது, தேய்மானம்" என்று சொல்லி வலி மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். இந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே "எந்தக் கணு?" என்பதுதான். ஒவ்வொரு கணுவாக அமுக்கிப் பார்த்தார். தேய்மானம் பெரும்பாலும் நகத்தை ஒட்டிய கணுவைப் பிடிக்குமாம். நம் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் முடக்குவாதம் அதை விட்டுவிட்டு, அடிக்கணுவிலும் நடுக்கணுவிலும், அதுவும் இரண்டு கைகளிலும், வந்து உட்காருமாம். அதன் பிறகுதான் முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் ஆன்டி சிசிபி ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

முடக்குவாதம்தான் என்று முடிவு வந்ததும், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு மூட்டை வரைந்து காட்டினார். கிருமியோடு சண்டை போட வேண்டிய வெள்ளை அணுக்கள் நம் மூட்டின் உள்சவ்வையே பகையாக எண்ணிவிடுகின்றன. அவற்றில் டி செல்கள் என்பவை மற்றவற்றைத் தூண்டிவிடுகின்றன. பி செல்கள் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகின்றன. மேக்ரோபேஜ்கள் டிஎன்எஃப் போன்ற பொருள்களைச் சுரந்து வீக்கத்தை வளர்க்கின்றன. சவ்வு தடித்துக் குருத்தெலும்பின் மேல் படர்ந்து அதை அரிக்கிறது. எலும்பைக் கரைப்பவை ஆஸ்டியோகிளாஸ்ட்கள். இவையும் வெள்ளை அணுக்களின் வம்சம்தான். பழைய எலும்பை நீக்குவது இவற்றின் அன்றாட வேலை. வீங்கிய சவ்வு இவற்றை அளவுக்கு மீறிப் பெருக்கிவிடுகிறது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். என் சுட்டுவிரல் அடிக்கணுவின் ஓரம் எலி கொறித்த தேங்காய்ச் சில்லு போல இருந்தது.

"அம்மா, வலி குறைவது வேறு, எலும்பு அரிபடுவது நிற்பது வேறு" என்றார். வலி மாத்திரை வலியைத்தான் அடக்கும், அணுக்களின் வேலையை நிறுத்தாது. அதற்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால், நானும் இடையில் நிறுத்தவில்லை. இப்போது சமையல் முடிந்த கையோடு குறடு எடுக்க முடிகிறது.

குறை ஒன்று இருக்கிறது, அது சின்னக் குறை அல்ல. இந்த மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே விழுங்க வேண்டும். தினமும் போட்டால் ரத்த அணுக்களே குறைந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். கீழே இருக்கும் மருந்துக் கடைப் பையனோ "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று" என்று மட்டும் சொல்லி உறையை நீட்டினான். நர்ஸ் ஏற்கெனவே சீட்டில் ஞாயிற்றுக்கிழமையைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார், பிழைத்தோம். கிளினிக்காரர்கள் அந்த உறையிலேயே கிழமையைத் தமிழில் அச்சடித்துவிடலாம். என்ன பெரிய செலவு?

ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்த காபித் தோட்டத்து அக்கா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாத்திரை போதாமல் அவருக்கு டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசி. லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனி, மார்க் ஃபெல்ட்மன் என்ற இரண்டு மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் 1990களில் லண்டனில் நோயாளிகளுக்குக் கொடுத்து நிரூபித்த வழி அது. ஊசிக்கு முன்னால் காசநோய்ப் பரிசோதனை செய்தார்களாம், "இருமலே இல்லை, எதற்கு?" என்று அக்காவுக்குக் கோபம். உடம்புக்குள் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி அணுக்கள் கட்டும் அரணுக்கு அதே டிஎன்எஃப்தான் பிடிமானம். அதைத் தடுத்தால் கிருமி விழித்துக்கொள்ளலாம். நர்ஸ் பொறுமையாக விளக்கியதை நானும் ஓரமாகக் கேட்டுக்கொண்டேன். ஊசியின் விலையைக் கேட்டபோது எனக்குத்தான் மூச்சு முட்டியது.

போனில் டோக்கன் கிடைக்காது, எடுக்கவே மாட்டார்கள். நேரில் போய்ப் பெயர் கொடுப்பதே உத்தமம். பழைய எக்ஸ்ரேக்களை மறக்காமல் எடுத்துப்போங்கள், ஒப்பிட்டுப் பார்க்கிறார். கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் அவ்வப்போது பரிசோதனை உண்டு, அந்தச் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.