ரங்கூனில் எந்த லேப்டாப்: புது மெல்லிசா, கைமாறிய திங்க்பேடா, பழையதையே பழுதுபார்ப்பதா?

2024 மார்ச் கடைசியில் என் பழைய லேப்டாப்பின் டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. ஸ்க்ரூ கழன்றிருக்கும் என்று நினைத்துப் பின்மூடியைத் திறந்தேன். உள்ளே பேட்டரி தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது. பயின்னவுங் சந்தையில் உளுந்து, துவரை மொத்த வியாபாரம் செய்யும் இரண்டு கடைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். பர்மாவில் நிதியாண்டு மார்ச்சோடு முடிகிறது. கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டிய வாரத்தில்தான் இது நடந்தது. "தம்பி, எதையாவது சீக்கிரம் வாங்கிக்கப்பா, பணம் நான் முன்னாடி தர்றேன்" என்றார் ஒரு கடை முதலாளி. அவசரத்தில் வாங்கக் கூடாத பொருள் இது என்பதால் நாலு நாள் தவணை கேட்டேன். அந்த நாலு நாளில் அலைந்ததையும், அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் பயன்படுத்திப் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன்.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. கையில் இருப்பதற்கே புது பேட்டரி போடலாம். கடையில் பளபளப்பாக வைத்திருக்கும் புது மெல்லிய லேப்டாப் வாங்கலாம். ஜப்பானிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் அலுவலகங்கள் கழித்துவிட்டு இங்கே வந்து சேரும் லேப்டாப்களில் ஒன்றை எடுக்கலாம். நான் மூன்றாவதைத்தான் எடுத்தேன், லெனோவோ கம்பெனியின் திங்க்பேட் டி480. அதன் பக்கம்தான் சாய்ந்து பேசுவேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பழையதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசஸர், 4 ஜிபி ராம், சுற்றும் ஹார்ட் டிஸ்க் என்று வாங்கியது. நடுவில் ஒரு தடவை ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, சுற்றாத, வேகமான எஸ்எஸ்டி போட்டு, ராமை 8 ஜிபி ஆக்கினேன். மூன்று நிமிஷம் எடுத்த துவக்கம் அரை நிமிஷத்துக்குள் வந்தது. "லேப்டாப் மெதுவாகிவிட்டது" என்று யார் சொன்னாலும் இந்த இரண்டையும்தான் இன்றும் முதலில் சொல்வேன். ஆனால் பேட்டரி விஷயத்தில் அது தோற்றது. அந்த மாடலுக்கு அசல் பேட்டரி கிடைக்கவில்லை. முன்பே ஒருமுறை போட்ட டூப்ளிகேட் முதல் மாதம் மூன்று மணி நேரம் நின்றது, ஆறாம் மாதம் நாற்பது நிமிஷம். உப்பியதும் அதேதான். போதாததற்கு விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடியப்போகிறது என்பது அப்போதே தெரிந்த செய்தி. ஐந்தாம் தலைமுறை ப்ராசஸர் விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசஸர்களின் பட்டியலில் இல்லை. சரி, இதற்கு மேல் இதில் காசு போடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

புது மெல்லிசுக்கு வருவோம். நான் பார்த்தது பன்னிரண்டாம் தலைமுறை ஐ5. திரை வெளிச்சமாக, கண்ணுக்கு இதமாக இருந்தது. எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. கேமரா நன்றாக இருந்தது, ஒரு வருஷ வாரண்டியும் உண்டு. வேகத்தில் டி480 அதன் பக்கத்தில் நிற்காது. விலை 21 லட்சம் கியாட் சொன்னார்கள். டி480-ஐ நான் பேசி முடித்தது ஏழரை லட்சம். விலை வித்தியாசம் பெரிதுதான், ஆனாலும் என்னைத் திருப்பியது அது இல்லை. முதலாளி முன்பணம் தரத் தயாராக இருந்தார், வாங்கியிருக்க முடியும்.

என்னைத் திருப்பியது பேட்டரி. இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாலு மணி நேரம் கரன்ட் இருக்கும், நாலு மணி நேரம் போகும் என்ற முறையில் பல மாதங்கள் ஓடின. முறை மாறும், நேரம் மாறும், கோடையில் இன்னும் மோசமாகும். பாதி மின்சாரம் அணைகளிலிருந்து வரும் நாட்டில், தண்ணீர் இறங்கும் மாதங்களில் கரன்டும் இறங்கத்தான் செய்யும். கரன்ட் திரும்பும்போது "மீ லா ப்யீ!" என்று, அதாவது கரன்ட் வந்துவிட்டது என்று, தெருவே கத்தும். அந்தச் சத்தம் வரும்வரை வேலை ஓட வேண்டும்.

லித்தியம் பேட்டரி ஒன்று சாதாரணமாக 300 முதல் 500 சுற்று தாங்கும். அதற்குப் பிறகு கொள்ளளவு எண்பது சதவீதத்துக்கு இறங்கிவிடும், அப்புறம் சரிவு வேகமாக இருக்கும். சுற்று என்றால் நூறு சதவீதம் காலியாகி நிறைவது. கரன்ட் நிற்காத ஊரில் லேப்டாப் பெரும்பாலும் சார்ஜரிலேயே இருக்கும், 500 சுற்று ஓட நாலைந்து வருஷம் ஆகும். இங்கே கணக்கே வேறு. கணக்கு எழுதுவது, மெயில், ஒரு பிரவுசர் என்று வேலை பார்த்தால் லேப்டாப் ஏறத்தாழ 12 வாட் எடுக்கிறது. நாலு மணி நேரத்துக்கு 48 வாட்-அவர் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கியது). அந்தப் புது மெல்லிசில் இருந்த பேட்டரி 42 வாட்-அவர். அதாவது ஒரே ஒரு கரன்ட் கட்டுக்கே ஒரு சுற்று முழுசாகப் போய்விடுகிறது, அப்படியும் கடைசி அரை மணி நேரம் இடிக்கிறது. வேலை நாளில் ஒரு கட் என்று குறைத்து வைத்தாலும் வருஷத்துக்கு 300 சுற்று. 21 லட்சம் கொடுத்து வாங்கியதன் பேட்டரி இரண்டாம் வருஷத்திலேயே கிழடு தட்டிவிடும்.

மாற்றலாமே என்று கேட்கலாம். நானும் கடையில் கேட்டேன். பின்மூடியில் பத்துக்கு மேல் குட்டி ஸ்க்ரூ, சுற்றிலும் பிளாஸ்டிக் கொக்கி, உள்ளே பேட்டரி. அந்த மாடலுக்கு இங்கே இருப்பு இல்லை, பாங்காக்கிலிருந்து வரவழைக்க மூன்று வாரமாவது ஆகும் என்றார்கள். மூன்று வாரம் நான் கரன்ட் வரும் நேரத்துக்காகக் காத்திருந்து கணக்கு எழுத முடியாது. ராமும் மதர்போர்டிலேயே பற்றவைத்த 8 ஜிபி, கூட்ட வழியில்லை.

டி480-இல் இரண்டு பேட்டரி. உள்ளே 24 வாட்-அவர் ஒன்று, பின்பக்கம் வெளியே இன்னொன்று. வெளியே போடுவதில் மூன்று அளவு உண்டு. 24, 48, 72. பெரியதைக் கடைக்காரர்கள் '61 ப்ளஸ் ப்ளஸ்' என்று சொல்வார்கள். அதைப் போட்டால் மொத்தம் 96 வாட்-அவர், என் வேலைக்கு எட்டு மணி நேரம். நேரம் கூடுவது நல்லதுதான். அதைவிட முக்கியம், எந்த பேட்டரி முதலில் காலியாகிறது என்பது. லேப்டாப் முதலில் வெளி பேட்டரியைத்தான் காலி செய்யும். அது கிட்டத்தட்ட தீர்ந்த பிறகுதான் உள்ளே இருப்பதைத் தொடும். ஆகவே நாலு மணி நேரக் கட்டில் என் உள் பேட்டரிக்கு வேலையே இல்லை. தேய்மானம் முழுக்க வெளி பேட்டரியின் தலையில். அது செத்தால் இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளி, கழற்றி, வேறொன்றை மாட்டினால் போதும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். உள் பேட்டரி தாங்கிப் பிடிப்பதால் லேப்டாப்பை அணைக்கக்கூட வேண்டாம். எக்செல் திறந்திருக்கும்போதே மாற்றியிருக்கிறேன்.

ஒன்றரை வருஷத்தில் ஒரு வெளி பேட்டரி வாங்கியிருக்கிறேன், ஒரு லட்சத்து முப்பதாயிரம் கியாட். அது டூப்ளிகேட்தான், மறைக்கவில்லை. மேலே 72 என்று அச்சிட்டிருந்தது, விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டில் 66 காட்டியது. ஒரு வருஷம் கழித்து 55-க்கு வந்திருக்கிறது. அசலாக இருந்தால் இன்னும் மெதுவாக இறங்கியிருக்கலாம். அசல் பேட்டரியை நான் நீண்ட நாள் பயன்படுத்தியதில்லை என்பதால் அதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்.

வெயிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த 2024 ஏப்ரலில்தான் மக்வே பக்கம் சௌக் ஊரில் 48.2 டிகிரி பதிவானது. ரங்கூனில் அவ்வளவு இல்லை என்றாலும், மின்விசிறி நின்ற அறைக்குள் லேப்டாப் கொதிக்கத்தான் செய்தது. சூடு ஏற ஏற பேட்டரியின் ஆயுள் குறையும். டி480-இல் வெளி பேட்டரி பின்விளிம்பில் இருக்கிறது. உப்பினாலும் முதலில் கண்ணில் படும், டச்பேடையோ மதர்போர்டையோ தள்ளாது. பழையதில் பட்ட பிறகு இது எனக்குப் பெரிய நிம்மதி.

அடுத்தது சார்ஜ் ஏற்றும் வழி. நம் வீடுகளில் பலரும் 12 வோல்ட் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்திருக்கிறோம். இன்வெர்ட்டர் 12 வோல்டை 230 ஆக்குகிறது, லேப்டாப் சார்ஜர் அதைத் திரும்ப 20 ஆக்குகிறது. ஏற்றி இறக்குவதிலேயே நிறையக் கரைந்துபோகும், இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலும் கொஞ்சம் குடிக்கும். டி480-இல் சார்ஜ் ஏறுவது டைப்-சி வழியாக. ஆகவே 65 வாட் கார் சார்ஜர் ஒன்றை 12 வோல்ட் பேட்டரியிலேயே நேராக மாட்டினேன். லேப்டாப் நிறைந்திருக்கும்போது ஒரே வேலையை இரண்டு வழியிலும் ஓட்டி மீட்டர் வைத்துப் பார்த்தேன். இன்வெர்ட்டர் வழியாக 28 வாட், நேர்வழியில் 15. என் இன்வெர்ட்டர் பழசு, நல்ல இன்வெர்ட்டரில் வித்தியாசம் குறையலாம். 100 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், அதாவது 600 வாட்-அவர். 28 வாட்டில் அது 21 மணி நேரம், 15 வாட்டில் 40 மணி நேரம். மிச்சம் விளக்குக்கும் மின்விசிறிக்கும்.

இப்படிச் செய்கிறவர்கள் பாசிட்டிவ் வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே, 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம் போடுங்கள். சார்ஜர் 20 வோல்ட் தரக்கூடியதா என்றும் பாருங்கள், போனுக்கான 9 வோல்ட், 12 வோல்ட் சார்ஜரில் இது ஏறாது. ஓய்வில் பேட்டரி 12.2 வோல்டுக்கு இறங்கினால் நிறுத்திவிடுங்கள். டைப்-சி சார்ஜ் இப்போது பல புது லேப்டாப்களிலும் உண்டு. அதனால் இந்த ஒரு விஷயத்தில் டி480-க்குத் தனி மதிப்பெண் போட மாட்டேன். நான் பார்த்த மெல்லிசில் மட்டும் பழைய உருண்டை முனை இருந்தது.

ஜப்பான் சரக்கில் பானாசோனிக் லெட்ஸ் நோட்டும் நிறைய வரும். இறகு மாதிரி எடை, அதன் சிஎஃப்-எஸ்எக்ஸ் வரிசையில் பேட்டரியும் கழற்றும் வகை. ஆனால் சார்ஜர் 16 வோல்ட் உருண்டை முனை, கைக்குக் கிடைத்ததை மாட்ட முடியாது. நண்பருடையதை இரண்டு வாரம் வைத்திருந்ததோடு சரி. அலைந்து திரிகிற வேலைக்கு அது பொருத்தம் என்று தோன்றியது, அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

டி480-இன் குறைகளும் உண்டு. பெரிய பேட்டரி போட்டால் இரண்டு கிலோவை ஒட்டிவிடும், பை கனக்கும். திரை மங்கல். 1366க்கு 768 திரையோடு வருவதும் நிறைய, எக்செலில் பத்தி பத்தியாக எண் பார்க்கிறவர்கள் அதைத் தொடாதீர்கள், 1920க்கு 1080 கேளுங்கள். கேமரா சுமார். வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலை உள்ளவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன், அவர்கள் புதுசே வாங்கட்டும். வாரண்டி கடைக்காரர் வாய்ச்சொல்லில் ஒரு மாதம், அவ்வளவுதான்.

வாங்கப் போகும்போது ஏமாறக்கூடிய இடங்களைச் சொல்லிவிடுகிறேன். டி470-உம் டி480-உம் வெளியே பார்க்க ஒன்று போலவே இருக்கும். டி470-இல் இருப்பது ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறை, விண்டோஸ் 11 பட்டியலில் அது இல்லை. மூடியைப் பார்த்து நம்பாமல் ப்ராசஸர் எண் 8-இல் தொடங்குகிறதா என்று பாருங்கள், 8250 அல்லது 8350. எனக்கு முதலில் காட்டியது டி470-தான். "சயா, இது எட்டாம் தலைமுறை இல்லையே" என்று கேட்டதும் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் உள்ளே போய் வேறொன்று எடுத்து வந்தார். பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரைக்குள், போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள், பழைய அலுவலகத்தின் பூட்டு அது, பின்னால் பெரிய தலைவலி. விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து டிசைன் கெபாசிட்டியையும் (புதுசில் இருந்த கொள்ளளவு) ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியையும் (இப்போதைய கொள்ளளவு) ஒப்பிடுங்கள். வெளி பேட்டரி மோசமாக இருந்தால் கவலையில்லை, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். உள் பேட்டரி நன்றாக இருக்க வேண்டும். ஜப்பான் கீபோர்டு வந்தால் ஸ்பேஸ் பார் குட்டையாக இருக்கும், தமிழில் வேகமாகத் தட்டுகிறவர்களுக்கு அது இடைஞ்சல்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும், டைப்-சி துளையை இயக்கும் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரை அப்டேட் செய்யுங்கள். பழைய பதிப்பில் டைப்-சி துளை செயலிழக்கும் கோளாறு இருந்தது, லெனோவோவே திருத்தம் வெளியிட்டிருக்கிறது. இந்த லேப்டாப்புக்குச் சார்ஜ் ஏறுவது அந்தத் துளைகள் வழியாகத்தான் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ராமுக்கு இரண்டு இடம் உண்டு. 8 ஜிபியோடு வந்ததற்கு இன்னொரு 8 போட்டேன். மூடியைத் திறக்கும் முன் வெளி பேட்டரியைக் கழற்றி, பயாஸில் உள் பேட்டரியையும் முடக்கிவிடுங்கள். ஆறு ஸ்க்ரூ, அவை மூடியோடே ஒட்டிக்கொண்டு நிற்கும், தொலையாது.

போன வாரம் மறுபடி ரிப்போர்ட் எடுத்தேன். 24 வாட்-அவர் உள் பேட்டரி, நான் வாங்கும்போது 21.6 காட்டியது. இப்போது 20.9. வெளி பேட்டரி அடுத்த கோடைக்கு முன் மாற்ற வேண்டியிருக்கும், அதற்கான காசைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.