காடா, மலையா, கொட்டாயா?

ஊரை விட்டு ஒதுங்கித் தனியாக வாழ நினைத்து எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வருகிறவர்கள் மேலகிரிக் காட்டைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் தீர்த்தமலை, வத்தல்மலை. நான்காவதாக ஓர் இடம் உண்டு. அதை யாரும் கேட்பதில்லை.

மேலகிரியில் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என்று இங்கே பெரும்பகுதி சரணாலயமாகிவிட்டது. அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், குடிசைக்கு வழியே இல்லை. 2006 வன உரிமைச் சட்டத்தைச் சிலர் காட்டுவார்கள். அது தலைமுறைகளாகக் காட்டை நம்பி வாழ்கிற இருளர் போன்றவர்களுக்கானது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அங்கே இருந்திருக்க வேண்டும். நேற்று வேலையை விட்டு வந்தவருக்கு அதில் இடமில்லை, இருக்கவும் கூடாது. கேழ்வரகு முற்றும் காலத்தில் பன்னார்கட்டா பக்கமிருந்து யானைகள் வேறு வரும். பரண் கட்டி நாலு பேர் விடிய விடியக் கண்விழித்தே சமாளிக்க முடிவதில்லை, ஒண்டி ஆள் என்ன செய்வார்?

அரூர்ப் பக்கத்துத் தீர்த்தமலையில் பாறையிலிருந்து விழும் ராமர் தீர்த்தத்தில் தலையைக் கொடுத்தால் மனசு அடங்கும், உண்மைதான். ஆனால் சோற்றுக்கு வருகிறவர் போகிறவர் கையைப் பார்க்க வேண்டும். அதைத் தனிமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வத்தல்மலையில் குளிர் உண்டு, காப்பி, மிளகு, சாமை விளையும். ஆனால் அது மலையாளி என்ற பழங்குடி மக்கள் பாடுபட்டு வாழும் மலை. அதில் ஒரு துண்டை வளைத்துப் போட்டுத் தவம் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி கொட்டாய். எங்கள் பேச்சில் மானாவாரி நிலமும் காடுதான். "காட்டுக்குப் போயிருக்காரு" என்றால் விளைநிலத்துக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் காட்டுக்குள் கட்டிய ஒற்றை வீடுதான் கொட்டாய். தருமபுரி மாவட்டத்தில் எத்தனையோ ஊர்ப் பெயர்கள் 'கொட்டாய்' என்று முடிவது இதனால்தான். ஒதுங்கி வாழ இங்கே நாங்கள் கண்ட வழி இது. கேழ்வரகை நன்றாகக் காயவைத்து வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. ராத்திரி கிண்டிய களி காலையில் மோரோடு கூழாகிவிடும்.

குறை தண்ணீரில். போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். சிறு வயதிலேயே பல்லில் பழுப்புக் கறை, போகப்போக மூட்டு வலி. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்தே ஆக வேண்டும். குழாய் எட்டாத கொட்டாயை எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.

பென்னாகரம் பக்கம் மாமாவின் கொட்டாயில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தனியாக இருந்தேன். வாரக்கணக்கில் யாரோடும் பேசியதில்லை. ஒருமுறை காய்ச்சலில் இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் கதவு தட்டும் சத்தம். கூப்பிடு தூரத்துக் கொட்டாயிலிருந்து ஓர் அண்ணன், கையில் தூக்குப்போசி.

"ரெண்டு நாளா உன் அடுப்புல புகையே காணோமே தம்பி" என்றார். சூடான மிளகு ரசத்தை ஊற்றி வைத்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல் வரப்பில் இறங்கி நடந்தார்.