ஜாங்கோவில் சமூக வசதிகள்: கிளிநொச்சியிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஓடிக்கொண்டிருக்கும் செயலியில் பின்தொடர்தல், கருத்து, குழு என்று சேர்க்கத் தொடங்கினால் தரவுத்தளத் தேடல் எரர்கள் வரத்தான் செய்யும். அவற்றில் பெரும்பாலானவற்றின் வேர், ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் தரவில் இருக்கிறது. ஜாங்கோ என்ற பைதன் வலைச் சட்டகத்தையும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தையும் வைத்துப் பல போகம் வேலை செய்தபின் இதை உறுதியாகச் சொல்வேன்.

எங்கள் செயலி வன்னிக் கமக்காரருக்கானது. லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) வாடகை, விதைநெல், அறுவடை இயந்திரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்ற விபரம், இவ்வளவுதான் முதலில். பிறகு ஆட்கள் ஒருவரையொருவர் பின்தொடரக் கேட்டார்கள். அதற்காக ஒவ்வொரு பயனருக்கும் ஒரு வரி வைக்கும் புரொஃபைல் அட்டவணை வந்தது. அடுத்த நாளே முறிகண்டிப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணை கோல் எடுத்தார்: “தம்பி, உள்ளுக்குப் போகேலாமக் கிடக்கு.”

செயலியின் எரர்கள் பதிவாகும் லொக்கைப் பார்த்தால், இந்தப் பயனருக்குப் புரொஃபைல் இல்லை என்ற எரர். லொகின் செய்வதற்கும் புரொஃபைலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஆனால் லொகின் ஆனவுடன் ஜாங்கோ கடைசி வருகை நேரத்தைப் பயனர் பதிவில் சேமிக்கிறது. சேமித்ததும் போஸ்ட்-சேவ் சிக்னல், அதாவது ‘சேமித்தாயிற்று’ என்று எங்கள் கோடுக்குச் சொல்லும் அறிவிப்பு, போகிறது. புரொஃபைலையும் சேர்த்துச் சேமி என்று அந்தச் சிக்னலில் எழுதியிருந்தால், புரொஃபைலே இல்லாத பழைய பயனர் வாசலிலேயே விழுந்துவிடுகிறார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எல்லாம் சரியாக ஓடும். சோதனையும் புதுக் கணக்கில் செய்வதால் யார் கண்ணிலும் படாது. பல்க்-கிரியேட் என்ற கட்டளை மூலம் மொத்தமாக ஏற்றிய கமக்கார அமைப்புப் பட்டியல்களிலும் இதே ஓட்டைதான், ஏனென்றால் அந்த வழியில் சிக்னல் போவதே இல்லை. பழைய பயனர் எல்லோருக்கும் புரொஃபைல் உருவாக்கும் ஒரு தரவு மைக்ரேஷன் (இருக்கும் தரவை ஒரு தரம் மாற்றும் நிரல்) எழுதி, அதை ஓட்டியபின்பே புது வசதியைத் திறக்க வேண்டும்.

எரர் வரும் இடத்தில் எரரைப் பிடித்து விழுங்கும் ஒரு ட்ரை-எக்செப்ட் போட்டு வாயை அடைக்கும் பழக்கத்தைப் பலரிடம் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஒரே ஒரு பதிவை எடுத்துத் தரும் ஜாங்கோவின் ‘கெட்’, ஒரு பதிவும் இல்லாவிட்டால் ஒரு விதமாகவும், ஒன்றுக்கு மேல் இருந்தால் இன்னொரு விதமாகவும் கத்தும். இவ்வளவு காலத்தில் எனக்கு அதில் மிகவும் பிடித்த குணமே இதுதான். இரண்டாவது வகைக் கத்தல் எங்களுக்கு முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து வந்தது. ஃபோன் சிக்னல் மந்தமான இடத்தில் பின்தொடர் பொத்தானை ஆட்கள் இரண்டு தரம் அமத்துவார்கள், ஒரே தொடர்பு இரண்டு வரியாக விழும். ‘இருந்தால் எடு, இல்லாவிட்டால் உருவாக்கு’ என்ற கெட்-ஓர்-கிரியேட் போட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. ஒரே வரி இரண்டு தரம் விழாமல் தடுக்கும் யுனிக் கட்டுப்பாடு தரவுத்தளத்திலேயே இருந்தால்தான் அது காப்பாற்றும். ஜாங்கோ 2.2 பதிப்பிலிருந்து அந்தக் கட்டுப்பாட்டை, அட்டவணையை விபரிக்கும் மொடலிலேயே பெயர் வைத்து எழுதலாம்.

ஜாங்கோவில் குறை என்றால் ஜெனரிக் ஃபொரின் கீ, அதாவது எந்த அட்டவணையின் பதிவையும் சுட்டக்கூடிய இணைப்பு. அறிவித்தல்களுக்கு வசதிதான், ஆனால் அது சுட்டும் பதிவு உண்மையில் இருக்கிறதா என்று தரவுத்தளம் பார்ப்பதில்லை. பதிவை அழித்தால் அறிவித்தல் வெறுமையைச் சுட்டிக்கொண்டு நிற்கும். முக்கியமான உறவுகளுக்கு நான் அதை இப்போது தொடுவதில்லை.

தமிழில் தேடுபவர்களுக்கென்று தனியாக ஒரு தலையிடி உண்டு. கொக்குத்தொடுவாய்க் குழுவைத் தேடினால் இல்லை என்று வந்தது. பட்டியலில் அதே பெயர் கண்முன்னே இருக்கிறது! ‘கொ’வில் உள்ள குறியை யுனிகோட்டில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்று, தரவுத்தளத்துக்கு இரண்டு. பயனர் பெயரை ஜாங்கோவின் பதிவுப் படிவம் தானாகவே சீர்ப்படுத்திவிடும். நாங்கள் உருவாக்கும் மற்றப் புலங்களுக்கு அந்த வேலையை நாங்கள்தான் செய்ய வேண்டும்: சேமிக்கும்போதும் தேடும்போதும் பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யுனிகோட் வடிவத்துக்கு மாற்றுவது. பழைய வரிகளைத் திருத்த போஸ்ட்கிரெஸ் 13 முதல் நோர்மலைஸ் என்ற செயற்பாடு இருக்கிறது. திருத்தியதும் ஒரே பெயரில் இரண்டு குழு வெளிவரலாம், அவற்றை முதலில் ஒன்றாக்கிவிட்டு யுனிக் கட்டுப்பாட்டைப் போடுங்கள்.

இதுவும் கௌதாரிமுனைக்கு உதவாது. சிலர் ‘கெ’ அடித்துப் பக்கத்தில் ளகரம் அடிக்கிறார்கள். யுனிகோட்டைப் பொறுத்தவரை அது வேறு எழுத்துகள், எந்தச் சீர்ப்படுத்தலும் அதைத் தொடாது. அதனால் ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்ய விடுவதை நிறுத்தி, பட்டியலிலிருந்து தெரிவு செய்ய வைத்தோம். உள்ளே இப்போது ஊரின் எண்ணை வைத்துத்தான் தேடல் நடக்கிறது. ஊர்ப் பெயரால் வந்துகொண்டிருந்த முறைப்பாடுகள் அதோடு நின்றுவிட்டன.